நாற்பத்தெட்டாவது மணி

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜமுந்திரியில் அச்சகம் வைத்திருக்கிறேன். ஊரில் எங்கே அஷ்டாவதானம் நடந்தாலும் அழைப்பிதழ் என்னிடம்தான் வரும். எட்டுப் பேர் உட்கார்ந்து அவதானியைக் குடைவார்கள். ஒருவர் அங்கேயே பாட்டுக் கட்டச் சொல்வார், ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசிக் குழப்புவார், ஒருவர் நினைத்தபோது மணி அடிப்பார். மொத்தம் எத்தனை மணி என்று கடைசியில் அவதானி சொல்ல வேண்டும். (டிங்.)

இந்த முறை அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஸ்பூர்த்தி. அவளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்று. முதுகுத்தண்டில் ஊசி, தலைக்குக் கதிர்வீச்சு. பிழைத்தாள். இப்போது இருபத்து மூன்று வயது. நோய் போய்விட்டது, சிகிச்சை விட்டுச்சென்ற மறதி போகவில்லை. மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நிற்கும். பேச்சு பாதியில் தடம் மாறும்.

ஆகவே நிகழ்ச்சியை நடத்தும் சபாவின் செயலாளரான அவள் சித்தப்பா சோமயாஜுலு, அவளைச் சம்பந்தமில்லாப் பேச்சுக்குப் போட்டார். நானும் குஷியாகிக் கதையைத் தொடங்கிவிட்டேன்: 'அவளுடைய குறையே அவளுக்கு வரமாகி...'

2

அந்த வாக்கியத்தை நிறுத்தியவள் அவள்தான். மெய்ப்புப் பார்க்க வந்தவள் பக்கத்தில் கிடந்த என் கதைத்தாளையும் படித்துவிட்டாள். அவள் படித்து முடிப்பதற்குள் நான் இரண்டு டீ குடித்தேன்.

"ஏன் அண்ணா, நான் வீட்ல பேசினா உளறல், மேடையில பேசினா கலையா? எனக்கு மணி வேணும்."

"மணி அடிக்கிறவங்களும் எண்ணிக்கை வெச்சுக்கணும்மா. நீ..."

"சொல்லுங்க. நான்?"

அழைப்பிதழில் அவள் பெயரை மணிக்கு நேரே மாற்றினேன். (டிங்.) ஆனால் அவளை நம்பவில்லை. அவள் தப்பாக எண்ணுவதாகவும் சபை பெருந்தன்மையாக மன்னிப்பதாகவும் ஒரு முடிவை அன்றே எழுதி வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

3

மேடையில் அவள் மடியின் இடப்பக்கம் அறுபது புளியங்கொட்டைகள். ஒரு மணி அடித்தால் ஒரு கொட்டை வலப்பக்கம் போகும். இரண்டு மணி நேரம் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. பாட்டு முடியும்போதெல்லாம் கைதட்டல் டிங் கூரையைப் பிளந்தது.

"மொத்தம் நாப்பத்தேழு" என்றார் காசீபதி அவதானி.

ஸ்பூர்த்தி கொட்டைகளை எண்ணினாள். "நாப்பத்தெட்டுங்க."

சபை சிரித்தது. சோமயாஜுலு எழுந்தே விட்டார். "பொண்ணுக்கு மறதி ஜாஸ்தி. நீங்க சொன்னதுதான் சரி."

"சித்தப்பா, சும்மா இருங்க. மறுபடி எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சபை நெளிந்தது, இருமியது. அவள் அவசரப்படவில்லை.

"இங்க நாப்பத்தெட்டு. அங்க மிச்சம் பன்னெண்டு. அறுபது சரியாப் போச்சு."

(டிங்.)

"செல்போன்ல பதிவு பண்ணினீங்களே, போடுங்க" என்றார் அவதானி, முன்வரிசையில் இருந்த ஒருவரிடம். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். மூன்றாம் பாட்டின் கைதட்டலுக்கு அடியில், மெலிதாக, ஒரு மணியொலி. அவர் எழுந்தார். தன் பொன்னாடையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார்.

"இத்தனை வருஷத்துல என் எண்ணிக்கையில தப்பைப் பிடிச்சது நீ ஒருத்திதாம்மா!"

சபை எழுந்து நின்று தட்டியது. நானும் தட்டினேன், கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

4

அவள் குணமாகிவிட்டாள் என்று முடிக்கப் பார்த்தேன். முடியாது. அந்தப் பொன்னாடையை ஆட்டோவிலேயே மறந்துவிட்டு இறங்கினாள். ஓட்டுநர் துரத்திவந்து கொடுத்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த அழைப்பிதழுக்கு அவளே வந்து, 'மணி: ஸ்பூர்த்தி' என்ற வரியை நான்கு முறை சரிபார்த்துவிட்டுப் போனாள். (டிங்.)

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குள்ளும் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. மொத்தம் எத்தனை?

தெரியவில்லையா? பரவாயில்லை. புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து வாருங்கள். அவள் காத்திருப்பாள், சிரிக்க மாட்டாள்.