பல் டாக்டருக்கு இடமில்லை

எங்கள் தீவு தனக்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் சொன்னதும், அந்தக் குளிர்காலத்தில் உலகத்துக்கே திடீரென்று கிரீன்லாந்து நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வரும் ஹெலிகாப்டர் நிறையக் கேமராக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பல் டாக்டருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அவர் வரவே இல்லை.

என் அண்ணன் ஈனோக்கின் கன்னம் அதற்குள் வீங்கிப்போயிருந்தது. கடல்நாய் இறைச்சி சூப்பைக்கூட விழுங்க முடியவில்லை. அண்ணி அவியாயா மீன் ஆலைத் தொழிலாளி. அந்த மார்ச்சில் நடந்த எங்கள் தீவின் நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளரும்கூட. யார் யாருக்கோ போன் செய்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொள்ள, படகு மெக்கானிக் ஹன்செராக் இடுக்கியை வாய்க்குள் விட்டான். பல் பாதியில் உடைந்தது.

அந்த நேரம் பார்த்து டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்த டிவி நிருபர் ஒருவன் கேமராவோடு உள்ளே வந்தான்.

"அமெரிக்கா கூடப் போறீங்களா, டென்மார்க் கூடவே இருக்கீங்களா?"

அண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கையெல்லாம் ரத்தம். "இங்க ஒருத்தன் வலியில துடிக்கிறான், கண்ணு தெரியலையா? எவன் பல் டாக்டரைக் கூட்டிட்டு வர்றானோ அவன் கூடப் போறேன், போதுமா? வெளிய போ."

மறுநாள் தொலைக்காட்சியில் பல்லும் இல்லை, டாக்டரும் இல்லை. "அவன் கூடப் போறேன்" என்பது மட்டும் வந்தது. கீழே அமெரிக்கக் கொடி.

கடையில் கிழவர் யோனாத்தான் அண்ணியை வழிமறித்தார். "எங்களை வித்துட்டியாமே?"

"அந்த டிவிக்காரன் உங்க வீட்லதானே தங்கினான் மாமா? வாடகையை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு என்னைக் கேக்குறீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரும் அப்படியே திருப்பிக்கொண்டது. அண்ணி தோற்றாள்.

தேர்தல் முடிந்ததும் கேமராக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டரில் இடம் கிடைத்து அண்ணனைத் தலைநகர் நூக் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்செல்ல முடிந்தது. சீழ் எலும்புவரை போயிருந்தது. தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் டென்மார்க்கிலிருந்து மந்திரி ஒருவர் வந்து, எங்களை நேசிப்பதாகச் சமூகக் கூடத்தில் பேசினார். கூட்டத்துக்கு வரச்சொல்லி அண்ணியையும் கூப்பிட்டார்கள்.

"என் புருஷன் பேசுறது எனக்கே பாதி புரியல. அந்த ஆளு பேசுறதைக் கேக்க நான் வரணுமா?" என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போனாள்.

இப்போதும் அண்ணனுக்கு மீனை மசித்துத்தான் கொடுக்கிறாள். ரேடியோவில் எங்கள் தீவின் பெயர் வந்தால், கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் அதை நிறுத்திவிடுகிறாள்.