ஏணியின் அடியில்

கிழக்கு வெளுத்ததுமே முப்பத்தைந்து அடி ஏணியை நாலு பேரும் தோளில் ஏற்றியிருந்தார்கள். போடி தீயணைப்பு நிலையத்தில் அது அன்றாடச் சோலி. நிமிர்த்து, கயிற்றை இழு, ஏறு, இறங்கு. உச்சிக்கு ஏறுகிறவன் சின்ராசு. அவன் கால் தரையைத் தொடும்வரை அடியைப் பிடித்த மூவரும் கையை எடுக்கக் கூடாது. அதுதான் ஏணிக்காரர்களின் சட்டம்.

மூன்று நாளாகச் சின்ராசுவுக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால், தீப்பிடித்த அந்த ஏலக்காய்ச் சேமிப்புக் கிட்டங்கியின் மாடி ஜன்னல். தரம் பிரிக்கும் பெண்கள் காயைத் திருடி வெளியே வீசிவிடுவார்கள் என்று முதலாளி விஜயகுமார் ஜன்னலில் இரும்புக் கம்பி பற்றவைத்திருந்தார். கதவுக்கு வெளிப்பூட்டு. தீப்பிடித்த அன்று ஏணி நாலே நிமிடத்தில் ஜன்னலை எட்டியது. இரண்டு கம்பியை அறுக்கப் பதினோரு நிமிடம். பதினாறு பேர் இறங்கினார்கள். பதினேழாவதாகப் பொன்னுமணியின் கை மட்டும் அவன் கைக்குக் கிடைத்தது. அதுவும் நழுவிப்போனது.

'ஏணி பிந்தி வந்ததுதான் சாவுக்குக் காரணம்' என்று முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று பத்து மணிக்கு அதிகாரிகள் கிட்டங்கிக்கே வந்து விசாரிக்கிறார்கள்.

தீயில் பிழைத்த சூர்யகலா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, வெரசா வாங்க! மிச்சக் கம்பியயும் அறுக்கிறாங்க. ஜன்னல் தெறந்துதான் கெடந்துச்சுன்னு காட்டப் போறாங்க!"

சின்ராசு ஏணியைத் தோளைவிட்டு இறக்கவில்லை. "திருப்பு மாப்ளே."

"கேக்காம ஏணியக் கொண்டு போனா வேல போயிரும்டா" என்றான் பின்னால் சுமந்திருந்த பாண்டியராஜ், திருப்பிக்கொண்டே.

பின்தெருவில்தான் கிட்டங்கி. பிழைத்த பெண்கள் அங்கே கூடியிருந்தார்கள். கரிந்த சுவரில் ஏணி சாய்ந்தது. சின்ராசு ஏறி, புகைபடிந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உள்ளே அறுத்துக்கொண்டிருந்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

"ஏணிய எடுங்கடா! என் கட்டடம், என் கம்பி!" முதலாளி கீழிருந்து கத்தினார்.

"ஒங்க கம்பிதான் மொதலாளி. இதையே பத்து மணிக்கு விசாரிக்க வர்றவங்ககிட்டயும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் காவல்."

"காய்த் திருடிகளுக்காகவா வேலையத் தொலைக்கிற?"

பொன்னுமணியின் அக்கா சுருளியம்மாள் முன்னால் வந்தாள். "தெனமும் எங்க முந்தானைய ஒதறிப் பாத்தீகளே மொதலாளி. இன்னிக்கு ஒங்க வேட்டிய நாங்க ஒதறுவோம். அந்தப் பூட்டுச்சாவி விழுகுதான்னு பாப்போம். விடமாட்டோம்."

முதலாளி கண்ணைக் காட்டினார். லோடு ஏற்றுகிற இருவர் ஏணியைத் தள்ள வந்தார்கள். அவர்கள் தொடுவதற்குள் கட்டுப்போட்ட கையும் கட்டில்லாத கையுமாகப் பெண்கள் அத்தனை பேரும் அடியைப் பிடித்துவிட்டார்கள். வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவன் மெல்ல வந்து பெண்களோடு சேர்ந்து தானும் பிடித்தான்.

மணி ஏழு. பத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

"கைய எடுத்துறாதீங்க ஆத்தா!" மேலிருந்து சின்ராசு கத்தினான்.

"நீ எறங்கிறாத அப்பு!" கீழிருந்து பதில் வந்தது.