தொட்டிக்குப் பின்னால் இருந்தவை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பச்சை மார்க்கர் காய்ந்துபோயிருந்ததைப் பார்க்காமல் பள்ளிக்கு எடுத்துப்போய்விட்டேன். வரைபடத்தில் உயிரினங்கள் இருக்கும் இடங்களுக்குப் பச்சை வட்டம் போடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் பையில் கிடந்த சிவப்பைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

செய்ததை முதலில் எழுது, பிசகியதைப் பிறகு எழுது என்பது நான் படிக்கும் ஆசிரியர் பயிற்சி மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. எனக்குப் பிசகியதை எழுதி முடித்தால்தான் மற்றது ஓடுகிறது.

இனிச் செய்தது. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் ஒரு துண்டு நிலம் புல்லும் புதருமாகக் கிடக்கிறது. என் மூன்றாம் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கயிறு கொடுத்தேன். கயிற்றைத் தரையில் சதுரமாகக் கட்டி, அதற்குள் என்ன வருகிறது, என்ன போகிறது என்று மூன்று வாரம் பார்த்தார்கள். அதைக் கட்டம் என்று நான் சொன்னேன். அவர்கள் வீடு என்றார்கள். பார்த்ததையெல்லாம் ஒரே சார்ட்டில் வரைபடமாகப் போட்டார்கள்.

"மிஸ், எங்க வீட்ல நத்தை முட்டை போட்டிருக்கு!"

"பெரிய இதுதான். எங்க வீட்ல தவளையே குடியிருக்கு, வாடகை கூடக் கேக்கல."

குண்டூசியின் வீடு தொட்டிக் குழாயை ஒட்டியது. வகுப்பிலேயே சின்ன உருவம், கூர்மையான வாய். அதனால் அந்தப் பெயர். தண்ணீர்ப் பாம்பை முதலில் பார்த்தவள் அவள்தான். மற்றவர்கள் அலறி ஓடியபோது அவள் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அது நம்மளப் பாக்கவே இல்ல மிஸ். தவளையத்தான் பாக்குது."

உணவுச் சங்கிலியை இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். வரைபடத்தில் பாம்பைப் பெரிதாக வரைந்து, கீழே பென்சிலால் குட்டிக் குட்டி எழுத்தில் 'விஷம் கிடையாது' என்றும் எழுதினாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பெற்றோர் கூட்டம். வரைபடத்தை வாசலிலேயே மாட்டியிருந்தேன். குண்டூசி பக்கத்தில் நின்று, வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து விளக்கினாள்.

ஒரு பையனின் அம்மா என்னிடம் கேட்டார்: "இந்தச் சிவப்பெல்லாம் என்ன மிஸ்?"

"உயிரினங்க இருக்கிற இடங்க."

"இவ்வளவா?"

அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் படம் எடுத்தபோது நன்றாக விழட்டும் என்று சார்ட்டின் மூலையைப் பிடித்துக்கூடக் கொடுத்தேன்.

இரவு சாப்பிடும்போது அக்கா, "உங்க ஸ்கூல் பாம்பு எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துருச்சுடி" என்றாள்.

"பாம்பா?"

"மெசேஜ்டி. குடும்பத்தோட இருக்காமே. மொத்தம் எத்தனைன்னு உனக்காவது தெரியுமா, இல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கலையா?"

சிரித்தேன். அவள் காட்டிய படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. படத்தில் பாம்பு தெரிந்தது. சிவப்பு வட்டங்கள் அம்மை போட்டதுபோல் பரவித் தெரிந்தன. பென்சில் எழுத்து விழவேயில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். தலைமையாசிரியை என்று யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அவர் பெரிய மிஸ்தான். மேஜைமேல் என் வரைபடம் விரித்திருந்தது.

"நாளைக்கு ஆள் வராங்க. மொத்தமா வெட்டிட்டு ஜல்லி கொட்டிடலாம்."

அது தண்ணீர்ப் பாம்பு, கடித்தாலும் விஷம் ஏறாது, வேலி போட்டால் போதும் என்றேன். யோசித்துவைத்த வரிசையில் வரவில்லை. வேலியை முதலில் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? நானும் பாடம் எடுத்தவதான். ஆனா நாளைக்கே ஒரு பிள்ளைக்கு முள்ளு குத்தினாக்கூடப் பாம்புன்னுதான் சொல்வாங்க. அப்போ யார் கழுத்தப் பிடிப்பாங்க, உன்னையா? நீ தற்காலிகம்."

"பிள்ளைங்க மூணு வாரமா..."

"பாடம் முடிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன?"

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அது வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மேஸ்திரி வரைபடத்தைத் தொட்டிச் சுவரில் பசைநாடாவால் ஒட்டிவைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பிள்ளைங்க அருமையாப் போட்டிருக்காங்க டீச்சர். இல்லாட்டி நாங்க புதருக்குள்ள கண்ணக் கட்டிவிட்ட மாதிரித் திரியணும். பாதி வேலை மிச்சம்."

அவர் நல்ல மனிதர். உண்மையாகவே பாராட்டினார்.

வகுப்புக்குள் ஜன்னலில் தலைகள் நெருக்கியடித்தன.

"மிஸ், நம்ம மேப்ப வெச்சுத்தான் வேலை செய்யறாங்க!" குண்டூசி குதித்தாள். நாலைந்து பேர் கைதட்டினார்கள். முதல் ஆள் குழாயடிக்குப் போனான். அவள் வீடு இருந்த இடம். கையில் கம்பி.

"பாக்கத்தானே மிஸ் போறாங்க?"

எல்லா முகமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

"எல்லாரும் உக்காருங்க. கணக்குப் புத்தகத்த எடுங்க" என்றேன்.

எடுத்தார்கள். வெளியே யாரோ "அடி, அடி, தலைல" என்று கத்தியது வகுப்புக்குள் நன்றாகக் கேட்டது. குண்டூசி புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். தலைகீழாக இருந்தது. நான் திருத்தவில்லை.

மாலை வகுப்பில் விரிவுரையாளர் என்னுடைய பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, "பிரமாதம்! வியாழக்கிழமை நீயே எல்லாருக்கும் விளக்கு. கள வேலைன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"அந்த இடம் இப்போ இல்ல சார்."

"அதனால என்ன? போட்டோ இருக்குல்ல?"

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 19, புதன்

ஜல்லி கொட்டி முடித்துவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறது. பெரிய மிஸ் அங்கே நின்று படம் எடுத்து, பெற்றோர் குழுவுக்கு அனுப்பினார். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்ததாம்.

மதிய இடைவேளையில் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் குண்டூசி குந்தியிருந்தாள். பாவாடையை விரித்து எதையோ மறைத்திருந்தாள். பக்கத்தில் அவள் ஜோடி காவல் நின்றாள்.

"என்னம்மா இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

"தவளையா? நான் பாக்கலாமா?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல."

அவள் என்னிடம் இப்படிப் பேசியதேயில்லை. ஜோடிப் பெண்தான் சமாதானமாகச் சொன்னாள்: "பெரியவங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மிஸ். நீங்களும் பெரியவங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். மணி அடித்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்கவில்லை. குண்டூசி நாள் முழுக்க நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னாள். கேட்காதது எதையும் சொல்லவில்லை. மூன்று வாரமாக அவள் வாயை அடக்கத்தான் நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

நாளை: மணி அடிப்பதற்கு முன்பே போய் ஜல்லி கொட்டிய இடத்தைப் படம் எடுக்க வேண்டும். மாலையில் விளக்கும்போது அந்தப் படத்தைக் கடைசியாகக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.