பத்தொன்பது மில்லிமீட்டர்

லேத் பட்டறையில் பதினாறு வருஷம் கை தேய்ந்தவனுக்கு அளவுக்கருவியின் மேல் இருக்கும் நம்பிக்கை ஆண்டவன் மேல்கூட இருக்காது. புற்றுநோய்க்கு வலது விரையைக் கொடுத்து ஆறு வருஷம் கழித்து, மிச்சமிருந்த இடது விரையில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது அந்த மகராசன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பட்டறையில் கம்பி அளக்கும் வெர்னியரை வைத்து அளந்தான். பத்தொன்பது மில்லிமீட்டர். அடுத்த வாரமும் பத்தொன்பது. ஐந்து மாதமும் அதே பத்தொன்பது. வளராத கட்டிக்கு டாக்டர் எதற்கு என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். உள்ளுக்குள் இருந்ததெல்லாம் பயம்தான். போனால் இதையும் எடுத்துவிடுவார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் பிள்ளை இல்லை.

வலி தாங்காமல் போனபோது, போன மாதம்தான் கவனித்ததாக மனைவியிடமும் சர்ஜனிடமும் ஒரே பொய்யைச் சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால் சேமித்து வைக்கக் கொடுத்த விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. கட்டியை மட்டும் வெட்டியெடுக்கலாம், ஓரம் சுத்தமாக இருந்தால் மிச்சத்தை விட்டுவிடலாம், அதிலிருந்து பின்னால் ஒன்றிரண்டு தேறினாலும் தேறும் என்றார் சர்ஜன். புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஒன்றிரண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் மேஜையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் விழித்துக் கிடந்தான். வெட்டிய துண்டு பரிசோதனைக்குப் போயிற்று. இருபது நிமிஷத்தில் போன் வந்தது: ஓரத்தில் நோய் இருக்கிறது. இன்னொரு சீவல் எடுத்து அனுப்பினார்கள். அதிலும் இருந்தது. வெளியே அடங்கிக் கிடந்த கட்டி உள்பக்கமாகவே பரவியிருந்தது.

"இன்னும் அரை மில்லி சீவிப் பாருங்க சார்."

"சீவறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லப்பா. விட்டா உயிருக்கே ஆபத்து. எடுத்துடட்டுமா?"

தலையாட்டினான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

சாயங்காலம் வார்டில் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவனால் பொய்யைச் சுமக்க முடியவில்லை. ஐந்து மாதம், குளியலறை, வெர்னியர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தான்.

அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும். மூணு மாசத்துக்கு முன்னாடியே என் கையில தட்டுப்பட்டுச்சு. டாக்டர்கிட்ட போனா எடுத்துடுவாங்கன்னு வாயைத் தொறக்கல. இந்த மாசமாவது நாள் தள்ளிப்போகாதான்னு பார்த்துட்டு இருந்தேன்."

அவன் அவள் கையைத் தேடினான். கட்டி தட்டுப்பட்ட அந்தக் கையை அவள் கொடுக்கவில்லை.