சீடர் எழுதாத வரி

...எழுதியவன் எவனாக இருந்தால் என்ன, சொல் நின்றால் போதாதா, நின்றுவிட்டதே, இதோ மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், பருப்புக் கஞ்சியை உறிஞ்சும் சத்தத்தையும் மீறி ஹபீப் மேடையேறி வாசிக்கிறான், பவுல் அப்போஸ்தலரின் சீடர் அருளிய நூல் என்று. ஐந்நூறு வருடத்துக்கு முன் செத்த மனிதர், பாவம், ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லாம் இங்கே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸக்காயின் கை, இதே மடத்தின் வடக்கு அறையில்... சொந்தப் பேரில் எழுதியிருந்தால் யார் சீந்தியிருப்பார்கள்? யூப்ரடீஸ் கரையில் ஒலிவக்காய் ஊறப்போடும் துறவிக்குக் கடவுளைப் பற்றி என்ன தெரியும் என்றிருப்பார்கள். இப்போதோ ஆயர்கள் சபையில் இரண்டு கட்சியும் இதையே காட்டி மல்லுக்கு நிற்கின்றன. நகரத்தில் படியெடுத்து நேற்று வந்த பிரதி, சாப்பாடு முடிந்ததும் கழுதையேறி அடுத்த மடத்துக்குப் போகிறது, அங்கிருந்து எங்கெங்கோ. பொய்யா? கடவுளுக்கே எந்தப் பேரும் பொருந்தாது என்று எழுதியவனுக்குத் தன் பேர் என்ன பெரிய பேர்... ஸக்காய்க்கு இதில் சந்தேகம் வந்ததே இல்லை.

"பெயரில்லாதவரைக் கூப்பிடு. பதில் உன் பெயரைச் சொல்லி வரும்," என்று வாசித்தான் ஹபீப்.

இது நான் எழுதியதில்லையே... எவனோ நுழைத்திருக்கிறான், என் நூலில், என்ன துணிச்சல். வாசிப்பில் பிழை வந்தால் தெரிந்தவர் கரண்டியால் பலகையைத் தட்டுவது இந்த மடத்து வழக்கம், ஸக்காயைவிட அதிகம் தட்டியவர் கிடையாது. தட்டாவிட்டால் இந்த வரியும் கழுதையேறிப் போய்விடும். தட்டினால், பிழையென்று எப்படித் தெரியும் என்பார்கள், எழுதியவன் நான் என்று சொல்ல வேண்டும், நூலே அடுப்புக்குப் போகும்... எதிரே மடத்துத் தலைவர் பர்ஹதாத், தாயார் செத்தபோதுகூட அழாத சிடுமூஞ்சி, கண்ணீரில் தாடி நனைய உட்கார்ந்திருக்கிறார். ஸக்காயின் வரிகளுக்கு இத்தனை நேரம் தலையாட்டினார்கள், வியந்தார்கள், யாராவது அழுதார்களா? வயிறு எரிந்தது. கரண்டி தட்டியே விட்டது.

"தப்பா வாசிச்சுட்டேனாண்ணே?" என்றான் ஹபீப். இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டாரு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பர்ஹதாத் கண்ணைத் துடைக்கவில்லை. "நேத்து வந்த புஸ்தகம். இதுலயும் குத்தமா, ஸக்காய்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"குத்தமில்ல ஐயா. காதுல சரியா விழல. இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க."

ஹபீப் வாசித்தான், ஸக்காய் கண்ணை மூடிக்கொண்டார், வரி நன்றாகத்தான் இருக்கிறது, தன்னுடையதைவிட நன்றாக, அதுதான் உறுத்தல்... எங்கோ ஒரு மடத்தில் ஒருவன் இதைச் செருகிவிட்டுப் பேசாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான், எந்த ஊர்க்காரன், என்ன வயசு, எதை இழந்து இதைக் கண்டான்... அவன் பேர் மட்டுமாவது தெரிந்தால் தேவலை என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.