மாத்ஜாலி

‘மகிழ்ச்சியான செய்தி’ என்று தலைப்பிட்டு வரும் மின்னஞ்சலால் மகிழ்ந்தவர் யாராவது உண்டா? அனுப்பியவர் மகிழ்ந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மருந்துக்கடையில் நின்றுகொண்டு ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படியொன்று வந்தது.

ஒன்பது வருடமாக நான் சினிமாவும் சீரியலும் பார்த்து எழுதிவந்த ‘திரை’ என்ற இணையதளத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம். இனி அதன் பெயர் ‘ஜாலி’யாம். வெளியிலிருந்து எழுதும் பதினேழு பேரும் இனிமேல் தேவையில்லையாம். ஆனால் ஒவ்வொருவரும் வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு சொற்களில் ஒரு பிரியாவிடைக் குறிப்பு எழுதித் தர வேண்டுமாம். தலைப்பைக்கூட அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘நன்றி திரை, வணக்கம் ஜாலி!’ கூடவே ஒரு வரி: பாசிட்டிவாக இருக்கட்டும்.

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவன், வாசலில் நின்று சிரித்தபடி டாட்டா காட்டிவிட்டுப் போ என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து எண்ணினேன்.

அந்தத் தளத்தில் என் பெயர் ‘மருந்துக்கடைக்காரி’. வைத்தவர் ஆசிரியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. ஒரு கமாவுக்காக மதிய சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து இருபது நிமிடம் பேசுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதி இணைப்பாக அனுப்பினால் தொடமாட்டார். தளத்துக்குள் எழுதுவதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதிலேயே நேரடியாக எழுத வேண்டும். நாம் இங்கே தட்டத் தட்ட அவர் அங்கே உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாவது வரியை நான் முடிப்பதற்குள் முதல் வரியில் கமா நகர்ந்திருக்கும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் பார்க்காவிட்டால் எனக்கு எழுத்தே ஓடவில்லை.

அதனால் நான் எழுதிய அறுநூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் நகல் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

அன்று மதியம் அம்மாவிடமிருந்து போன்.

“ஏன்டி, உங்கப்பாவைப் பத்தி எழுதினியே, அதை மாத்திட்டியா?”

“இல்லையேம்மா. ஏன்?”

“அப்போ இது என்ன? ‘அப்பா மாத்ஜாலியை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டார்.’ மாத்ஜாலின்னா என்ன, புது மருந்தா? உன் கடையில இருக்கா?”

நான் கடையின் பின்பக்கம் போய் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

“இன்னும் கேளு. ‘கதாநாயகன் குஜாலியில் ஏறி வந்தான்.’ குஜாலின்னா கேக்கவே அசிங்கமா இருக்கே. ஆஸ்பத்திரியில கிடந்த மனுஷன் பக்கத்துல இதை ஏன்டி போட்டே? உன் பேரையும் காணோம். அட்மின்னு யாரோ எழுதினதா போட்டிருக்கு. அவருக்கு உங்கப்பாவைத் தெரியுமா?”

அந்தக் கட்டுரையின் பெயர் ‘மாத்திரை வேளையில் ஒரு குதிரைப் படம்’. நாலு வருடத்துக்கு முன், அப்பா வார்டில் படுத்திருந்த கடைசி வாரத்தில், சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஒரு குதிரை வீரன் படம் ஓடியது. அதில் நடிக்கத் தெரிந்தது குதிரைக்கு மட்டும்தான். கதாநாயகன் வாளை உருவியபோது அவனுடைய டோப்பா கழன்று கண்ணை மூடியது. அப்பா சிரித்த சிரிப்பில், விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரை தெறித்துப் போர்வைமேல் விழுந்தது. மகள் மருந்துக்கடைக்காரி, அவளையே ஏமாற்றியிருக்கிறார்! இரண்டு நாள் கழித்து அவர் போய்விட்டார். நான் எழுதியது அந்தப் படத்துக்கான விமர்சனம்தான். ஆனால் அப்பா அதில் இருந்தார், அப்படியே, வாய் நிறையச் சிரிப்போடு. அம்மா அந்தப் பக்கத்தின் லிங்க்கைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, மனசு சரியில்லாத நாளிலெல்லாம் திறந்து படிப்பாள். எங்களிடம் அப்பாவின் குரல் பதிவு எதுவும் இல்லை. இருந்தது இது ஒன்றுதான்.

கமாவுக்குப் போன் போட்டேன்.

“பார்த்தேன்,” என்றார். குரல் உள்ளே போயிருந்தது. “பழைய பேர் எங்கேயுமே இருக்கக் கூடாதுன்னு, திரைன்னு வர்ற இடத்துல எல்லாம் ஜாலின்னு மாத்தச் சொல்லி மொத்தமா ஒரே தட்டு தட்டிட்டாங்க. குதிரைக்குள்ள திரை இருக்குன்னு அந்தப் பசங்களுக்கு யார் சொல்றது? மாத்திரை, முத்திரை, நித்திரை எல்லாம் போச்சு. திரைக்கதை ஜாலிக்கதை ஆயிடுச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல.”

“பழசு எங்கேயாவது இருக்குமா?”

“அழிச்சுட்டாங்க. நீங்க ஒரு காப்பி வெச்சிருப்பீங்கல்ல?”

“நீங்கதானே பெட்டியிலயே எழுதச் சொன்னீங்க!”

அவர் போனை வைத்துவிட்டார். ஒன்பது வருடத்தில் அவராகப் பேச்சை முடித்தது அப்போதுதான்.

மறுநாள் மதியம், கடையை என்னோடு வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாவது மாடி. வரவேற்பறைச் சுவரில் மஞ்சள் எழுத்தில் ‘ஜாலி’. பழைய பலகையைத் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார்கள், தப்பு செய்த பிள்ளையை நிறுத்திவைப்பது மாதிரி. கமா ஓரத்து மேஜையில் இருந்தார். வெள்ளிக்கிழமையோடு அவருக்கும் முடிகிறதாம்.

புது மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். மரியாதையான ஆள். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. முரடனாக இருந்தால் சண்டை போட வசதி.

“சின்ன விஷயம் மேம், இப்பவே சரி பண்ணிடலாம்,” என்று அப்பாவின் பக்கத்தைத் திறந்தார். “ஜாலின்னு இருக்கற இடத்துல எல்லாம் திரும்பவும் திரைன்னு போட்டுட்டா முடிஞ்சது.” தட்டினார். குஜாலி குதிரையானது. மாத்ஜாலி மாத்திரையானது. எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அப்புறம் கடைசிப் பத்தியைப் படித்தேன்.

படம் எப்படி என்று நர்ஸ் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் அங்கே இருந்தது. ‘படம் குப்பை. ஆனா திரை.’

அப்பா சொன்னது ‘ஆனா ஜாலி’ என்று. அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதே அந்த ஒரு வார்த்தைதான். பஸ் கெட்டுப்போய் நடுவழியில் நின்றாலும் ஜாலி, பரீட்சையில் நான் தோற்றாலும் ஜாலி. போயும் போயும் அந்த வார்த்தையைத்தான் பார்த்து எடுத்துக் கம்பெனிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

“அது அப்பா சொன்னது. அதை மாத்தக் கூடாது,” என்றேன்.

“ஓ, சாரி மேம். இதை சேவ் பண்ணிட்டு, அதைத் தனியா மாத்திடறேன்.” அவர் பக்கத்தைச் சேமித்தார். சேமித்ததும் திரை முழுக்க ஒருமுறை சிமிட்டியது. குதிரை மறுபடி குஜாலி ஆயிற்று. மாத்திரை மாத்ஜாலி ஆயிற்று. “அது ஒண்ணுமில்ல மேம், இனிமே யார் என்ன எழுதினாலும் சிஸ்டமே தானா மாத்திடும். ஹெட் ஆபீஸ் ஆர்டர். ஆனா பாருங்க, உங்கப்பா சொன்னது மட்டும் கரெக்டா திரும்பி வந்துடுச்சு!”

நிஜமாகவே சந்தோஷப்பட்டார் அந்த மனிதர்.

“இதை எடுத்துடுங்க,” என்றேன். “சரி பண்ண வேண்டாம். எடுத்துடுங்க.”

“அது கஷ்டம் மேம். கன்டென்ட் கம்பெனியோடது. அதுவும் இது செம ஓட்டம் ஓடுது. நேத்து மட்டும் நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க. குஜாலி, மாத்ஜாலின்னு சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பிட்டே இருக்காங்க.”

நாலாயிரம் பேர். என் அப்பா சாகக் கிடந்த கட்டிலைச் சுற்றி நின்று நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள், அவரோடு சேர்ந்தல்ல.

“அதுல செத்துப்போறது என் அப்பா,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. “உங்க அட்மினோட அப்பா இல்ல. அட்மினுக்கு அப்பா கிடையாது. மாத்திரையைத் துப்பினது என் அப்பா, அதை எடுத்துத் துடைச்சது நான். ஒரு வார்த்தை படிச்சுப் பார்த்திருந்தா இது நடந்திருக்குமா? வித்தவங்களும் படிக்கல, வாங்கினவங்களும் படிக்கல. நாங்கதான் பைத்தியம் மாதிரி ஒரு கமாவுக்கு இருபது நிமிஷம் பேசிட்டிருந்தோம்.”

கமா தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு மேனேஜரே ஆரம்பித்தார். “மேம், ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பிரியாவிடைக் குறிப்பு கேட்டு ஹெட் ஆபீஸ்ல என்னைக் குடைஞ்சு எடுக்கறாங்க. பதினேழு பேர்ல ஒருத்தர்கூட அனுப்பல.”

எழுதிய கூட்டத்துக்கு ரோஷம் இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது.

“முதல்ல அப்பாவை எடுங்க,” என்றேன். “இங்கேயே உக்காந்து எழுதித் தரேன்.”

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நான் அந்தக் கட்டுரைப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும், குஜாலி மாத்ஜாலியோடு அப்படியே என் போனுக்கு நகலெடுத்துக்கொண்டேன். பிறகு என் கண்முன்னாலேயே அவர் அதை அழித்தார். நாலாயிரம் பேரும் கலைந்தார்கள்.

கமா எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பெட்டியைத் திறந்தேன். பாசிட்டிவாகவே எழுதினேன். ஒரு மோசமான படத்தைக்கூட முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டக் கற்றுக்கொடுத்த இடம் இது என்று எழுதினேன். வாசகர்கள் என்னைத் திட்டியதை எழுதினேன். கடைசியாக இரண்டு வரி சேர்த்தேன்: ‘குதிரைக்குக் குதிரை என்று எழுத முடியாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. நான் போகிறேன்.’ பின்னால் நின்ற கமா பழக்கதோஷத்தில் குனிந்து, நாலாவது வரியில் ஒரு கமாவை நகர்த்தினார். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

மேனேஜர் வந்து பார்த்தார். படிக்கவில்லை. கீழே சொல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். “இருநூத்தி மூணு. சூப்பர் மேம்!” என்று வெளியிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என் போனில் இருந்ததை ஒவ்வொரு வரியாக நோட்டில் எழுதினேன். அம்மா எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்து வாசித்தாள். திருத்த வேண்டியது நாற்பத்தோரு இடம். “குஜாலி.” “குதிரை.” “மாத்ஜாலி.” “மாத்திரை.” சில இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “படம் குப்பை, ஆனா ஜாலி,” என்று வாசித்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். “இது அப்படியே இருக்கட்டும்.” “ஆமாம்மா, அது அப்பாவோடது.”

கடைசி வரி மட்டும் மிச்சம். இரண்டு நாள் கழித்து, அதிகாலையில், கட்டிலைச் சுற்றியிருந்த துணித் திரையைப் பற்றிய வரி. அம்மா வாசித்தாள்:

“‘நர்ஸ் வந்து ஜாலியை இழுத்து மூடினார்.’”

நான் பேனாவை நோட்டின்மேல் வைத்தேன்.

“இதை மாத்தணுமா?” என்றாள் அம்மா. “அந்த அட்மின் இது ஒண்ணைத்தான் சரியா எழுதியிருக்கார்.”

அம்மா சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கம்பெனிக்கு அப்பாவிடமிருந்து ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதையும் மாற்றி, ‘திரையை’ என்று எழுதினேன். கீழே என் பெயரை எழுதினேன். புனைபெயர் இல்லை, அப்பா வைத்த பெயர்.

நோட்டை மூடியதும் அம்மா தன் போனை எடுத்தாள். “நீ இன்னிக்கு அங்கே எழுதினது வந்திருக்கு போல. ‘நன்றி ஜாலி, வணக்கம் ஜாலி!’ என்னடி தலைப்பு இது?” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசிவரை வாய்விட்டு வாசித்தாள். “‘குஜாலிக்குக் குஜாலி என்று எழுத முடியாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. நான் போகிறேன்.’”

அதற்கும் கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எழுதியவர் அட்மின்னு போட்டிருக்கே. பாவம்டி, அவரும் வேலையை விட்டுட்டாரா?”