மேரியின் குரல்

பிரிஸ்கில்லாவின் தம்பி பாண்டியன் மணல் லாரியில் அடிபட்டுச் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. லாரியை ஓட்டியவன் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான். அதே லாரி பெருநகர் ஊருக்குப் போகிற அதே சாலையில் இன்றைக்கும் ஓடுகிறது. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அது கடந்து போவதை பிரிஸ்கில்லா பார்க்கிறாள். அம்மா மேரியின் ஒப்பாரியைப் பதிவு செய்து, நினைவு நாளன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அந்தச் சாலை முழுக்கப் போட வேண்டும் என்று அவள்தான் முடிவெடுத்தாள்.

உத்திரமேரூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் தினேஷ்குமார் ஸ்டூடியோ வைத்திருந்தான். கட்சிப் பாட்டு, சாமி பாட்டு, ஜெபப் பாட்டு எல்லாம் அங்கேதான் பதிவாகும். மேரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடி முடித்தபோது முந்தானை நனைந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிரிஸ்கில்லாவும் அழுதுகொண்டிருந்தாள்.

தினேஷ்குமார் பதிவைப் போட்டுக் காட்டினான். மேரி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாரு இது பாடறது?" என்றாள்.

குரல் அவளுடையதுதான். ஆனால் தொண்டை உடைந்து சரிந்த இடங்களையெல்லாம் ஏதோ ஒன்று இழுத்து நிமிர்த்தி, சுருதியில் உட்கார வைத்திருந்தது. பாண்டியா என்று அவள் அலறிய இடம், சினிமாவில் கதாநாயகி காதலனைக் கூப்பிடுவது போலிருந்தது.

தினேஷ்குமார் பெருமையாக விளக்கினான். சுருதியைத் திருத்துகிற பிளகின் என்ற மென்பொருளைப் பாடும்போதே ஓடவிட்டிருந்தானாம். மற்றவர்கள் பதிவு முடிந்தபின் மிக்ஸிங் பண்ணும்போதுதான் போடுவார்களாம். பதிவிலேயே போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சமாம்.

"அத்த எடுத்துடுங்கண்ணா. எங்கம்மா பாடுனது மட்டும் போதும்."

அவன் தலையைச் சொறிந்தான். "மிக்ஸிங்ல போட்டிருந்தா எடுத்துடலாம்மா. இது ரெக்கார்ட் ஆவும்போதே கலந்துச்சு. கொயம்புல போட்ட உப்பு மாரி. பிரிக்க முடியாது."

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"சுருதி எங்கியோ போய்க்கினு இருந்திச்சு. நல்லா வரட்டுமேன்னுதான்."

"புள்ளையப் பறிகுடுத்தவ சுருதி பாத்தா அயுவா?"

பிரிஸ்கில்லா இதை முன்பே பார்த்திருக்கிறாள். லாரி முதலாளி வீட்டு வாசலில் அம்மா கத்தியபோது, மெதுவாகப் பேசு என்றார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் பஞ்சாயத்து பேச வந்தபோதும் அதையே சொன்னார்கள். அம்மா வாயைத் திறந்தாலே எவனாவது ஒருவனுக்கு அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இவனும் சேர்ந்துகொண்டான், கேட்காமலேயே. பிரிஸ்கில்லா கண்ணாடிக்கு உள்ளே போய், போகலாம் வா என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேரி எழுந்திருக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கருமம் வேணாம் நைனா. கெணத்துக்குள்ள நின்னு கத்தற மாரி கீது. நீ போட்டதெல்லாத்தியும் நிறுத்து. நான் திருப்பிப் பாடறேன்."

ஹெட்போனில் அவள் காதுக்கு மட்டும் விட்டிருந்த எதிரொலியையும் சேர்த்து, தினேஷ்குமார் திரையில் ஒவ்வொன்றாக அணைத்தான். பிரிஸ்கில்லா அவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை மேரி அழவில்லை. மகனைக் கூப்பிடவும் இல்லை. அதே ராகத்தில் லாரி முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உன் லாரி மணலில் கட்டிய வீட்டில் உனக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். குரல் பிசிறியது, கிழிந்தது, திரையில் ஒலி அளவு எல்லை மீறிச் சிவப்பு ஏறியது. தினேஷ்குமாரின் கை தன்னையறியாமல் அதைக் குறைக்க மவுஸுக்குப் போனது. பிரிஸ்கில்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

நினைவு நாளன்று காலையில் ஆட்டோ பெருநகர் சாலையில் மெதுவாகப் போனது. பின்னால் வந்த மணல் லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியின் ஆள் ஒருவன் பைக்கில் வந்து மறித்து, சவுண்டைக் குறை என்றான்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டாள். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைச்சேற்றோடு வரப்பேறி வந்து சாலையில் நின்றார்கள். லாரி நகர வழியில்லாமல் இன்ஜினை நிறுத்தியது. மேரியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.